நாயின் இடுப்பைப் படம் பிடித்த கதை

மாடு பிடிக்கப் போனா பல்லைப் பார்ப்பீங்க, சுழி பார்ப்பீங்க, நடக்க விட்டும் பார்ப்பீங்க. நாய்க்குட்டியை மட்டும் துள்ளுறதைப் பார்த்தே தூக்கிட்டு வந்துடுறோம்!

அமெரிக்காவில் 1935-ல் ஷ்னெல்லி என்ற கால்நடை மருத்துவர் ஒரு குறையைப் பற்றி எழுதினார். தொடை எலும்பின் குமிழ் இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாது. குட்டியில் பல சமயம் வெளியே தெரியாது, பின்னால் மூட்டு தேய்ந்து கால் இழுக்கும். வேட்டைநாய்ப் பிரியரான தொழிலதிபர் ஜான் ஓலின் 1966-ல் இதற்கென்றே ஓர் அமைப்பு தொடங்கினார். எக்ஸ்ரே படத்தை மூன்று நிபுணர்கள் தனித்தனியே பார்த்துத் தரம் சொல்வார்கள். நாய்க்கு இரண்டு வயசு நிரம்பணும். அதுக்கு முன்னே நிரந்தரச் சான்று கிடையாது. 1990-ல் முன்னங்கால் முழங்கை மூட்டும் சேர்ந்தது.

ஆகவே லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு வாங்குறவங்க தாய், தகப்பன் ரெண்டின் படத்தையும் கேளுங்க. அது சுத்தமா இருந்தும் குட்டிக்குக் குறை வரலாம். வாய்ப்பு குறையும், அவ்வளவுதான்.