நீண்டகாலப் பராமரிப்புக் குறைதீர்ப்பாளர் திட்டம் (அமெரிக்கா)

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரின் புகார்களைக் கேட்டு, அவர்களுக்காகப் பேசும் திட்டம். சுவீடன் 1809-இல் ஏற்படுத்திய ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) பதவியே முன்மாதிரி. அங்கே அவர் நடுநிலையாளர். இங்கே இவர் வெளிப்படையாகவே குடியிருப்பவரின் கட்சி.

1965-இல் முதியோருக்கான மெடிக்கேர், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் வந்ததும் அரசுப் பணத்தை நம்பித் தனியார் இல்லங்கள் பெருகின. கவனிப்பு அந்த வேகத்தில் வளரவில்லை. அவலங்கள் வெளிவரவே, 1971-இல் அதிபர் நிக்சன் இல்லங்களைச் சீர்திருத்த எட்டு அம்சத் திட்டம் அறிவித்தார். மறு ஆண்டு ஐந்து மாநிலங்களில் குறைதீர்ப்பாளர் திட்டத்தின் சோதனை முயற்சி தொடங்கியது. முதியோர் நல ஆணையர் ஆர்தர் ஃபிளெமிங் அதை நாடெங்கும் பரப்பப் பாடுபட்டார். 1978-இல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாயிற்று. 1981-இல் சிறிய பராமரிப்பு விடுதிகளும் சேர்ந்தன.

அழைப்பு மணியை அழுத்தியும் ஆள் வருவதில்லை, திடீரென இல்லத்தைவிட்டு வெளியேறச் சொல்கிறார்கள் என்பவை அடிக்கடி வரும் புகார்கள். குறைதீர்ப்பாளர் நேரில் போய், தனிமையில் உட்கார்ந்து கேட்கிறார். இல்லத்துக்குள் நுழையும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உறுதிசெய்தது. புகார் சொன்னவர் சம்மதிக்காமல் அவர் பெயரை வெளியிடக் கூடாது. திட்டத்தின் உயிர்நாடி இந்த விதிதான். எவர் கையால் சாப்பிட்டுக் குளிக்கிறாரோ அவர்மீதே புகார் சொல்லும் முதியவருக்குப் பழிவாங்கல் பயம் இல்லாமல் இருக்குமா? வெளியேற்ற நோட்டீஸின் நகலை மாநிலக் குறைதீர்ப்பாளருக்கும் அனுப்பவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஆனால் அபராதம் விதிக்கவோ உரிமத்தை ரத்து செய்யவோ அவருக்கு அதிகாரமில்லை. பேசித் தீர்க்கலாம், முடியாவிட்டால் இல்லங்களை ஆய்வுசெய்யும் துறைக்கு அனுப்பலாம்.

ஆள் பற்றாக்குறை தீராத குறை. 2,000 படுக்கைக்கு ஒரு முழுநேர ஊழியராவது வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் (Institute of Medicine) 1995 அறிக்கை பரிந்துரைத்தது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான் பல இடங்களில் வேலையைத் தாங்குகிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா கட்டுப்பாட்டால் வெளியாட்களோடு இவர்களும் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். நேரில் கண்டறிய வேண்டிய படுக்கைப்புண்ணும் உடல் மெலிவும் தொலைபேசியில் தெரியவில்லை. காது கேளாதவர்கள், மறதிநோயாளிகள் பலருக்கு அந்த வழியும் அடைபட்டுப்போனது.