இருநூறு நிமிஷங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடவர் ஆடும் கூடைப்பந்தாட்டத்துக்குக் கால அளவு 40 நிமிஷம்; ஓர் அணிக்கு ஒரே சமயத்தில் களத்தில் நிற்க உரிமையுடையவர் ஐவர்; ஆகவே, ஆட்டம் சமநிலையில் முடிந்து நீட்டிக்கப்பட்டாலொழிய, பயிற்சியாளர் ஒருவர் தம் மாணவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்கென்று வைத்திருக்கும் செல்வமெல்லாம் 200 நிமிஷந்தான். முதற்பிரிவுக் கல்லூரிகளில், 2025-க்கு முன் பல ஆண்டுகளாக, 13 பேர் வரை உபகாரச் சம்பளம் பெற்று ஆடி வந்தார்கள். சமமாகப் பகிர்ந்தால் தலைக்குப் பதினைந்து நிமிஷமும் சிறிது சொச்சமும் கிடைக்க வேண்டும். நடப்பது வேறு. எட்டாம் ஆளை அடைவதற்குள் பாத்திரம் பெரும்பாலும் காலியாகிவிடுகிறது. பந்தியின் கடைசி இலைகளில் உட்கார்ந்தவர்கள், தங்கள் ஊரிலும் பள்ளியிலும் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கி வந்த பிள்ளைகள், பரிமாறுகிறவர் தங்கள் பக்கம் திரும்புவாரா என்று பார்த்துக்கொண்டே ஒரு பருவத்தைக் கழிக்கிறார்கள். அந்தக் கடைசி இலைக்காரர்கள்பால் கொண்ட பரிவே என்னை இந்தச் சரித்திரத்துக்குள் இழுத்தது.

விளையாட்டு பிறந்த நாளில் கடைசி இலை என்று ஒன்று இருக்கவில்லை. 1891 டிசம்பரில், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆடத்தக்க ஒரு விளையாட்டை வேண்டி, பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் அறைவித்துப் பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டியபோது, அவருடைய வகுப்பில் இருந்தவர் 18 பேர். பக்கத்துக்கு ஒன்பதின்மராக அத்தனை பேரும் ஆடினார்கள். ஐவர் என்னும் எண்ணிக்கை 1897-இல் நிலைபெற்றது. ஓரத்துப் பெஞ்சும் அதனோடு நிலைபெற்றுவிட்டது.

அக்காலத்து விதிகளைப் பார்க்கும்போது, பங்கீடு என்னும் அதிகாரம் பயிற்சியாளருக்கு எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பது வியப்பாகவே இருக்கிறது. ஆதியில், களத்தை விட்டு ஒருமுறை வெளியேறியவன் அன்றைய ஆட்டத்தில் மறுபடி நுழைய முடியாது. 1920-21 பருவத்தில்தான் ஒருமுறை திரும்பி வரலாம் என்று அனுமதித்தார்கள். 1933-34-இல் அது இருமுறையாயிற்று. களைத்துப்போன பையனை வெளியே அழைப்பது அவனை இழப்பதற்குச் சமானமாக இருந்த அந்நாட்களில், காயமோ தவறுகளின் எண்ணிக்கையோ நிர்ப்பந்தித்தாலன்றி ஆள் மாற்ற யாரும் எளிதில் துணிய முடியாது. ஆட்டம் நடக்கையில் ஓரத்திலிருந்து யோசனை சொல்வதையே 1910-11-இன் விதி தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஆட்டம் நிறுத்தப்படும் இடைவேளைகளில் பயிற்சியாளர் தம் ஆட்டக்காரரோடு பேசலாம் என்னும் சலுகை 1948-49-இல்தான் வந்தது. விளையாட்டு மாணவர்களின் சொத்து, பெரியவர்கள் அதில் விரல் வைக்கலாகாது என்பதே அவ்விதிகளின் உட்கருத்து என்று எனக்குத் தோன்றுகிறது. நெய்ஸ்மித்தின் சுபாவமும் அதுவே. 1898-இல் கான்ஸஸ் சர்வகலாசாலைக்குச் சென்ற அவர், அங்கே பயிற்சியாளராக இருந்த காலத்தில் 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றார். அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் தாமும் பயிற்சியாளராகப் போவதாகச் சொன்னபோது, இது ஆடுகிற விளையாட்டேயன்றிப் பயிற்றுவிக்கிற விளையாட்டு அன்று என்று அவர் கூறியதாகச் சொல்வார்கள். ஆலன் கேட்கவில்லை, அதே கான்ஸஸில் பல்லாண்டு பயிற்சியாளராக விளங்கினார்.

1944-45 பருவத்தில், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்று விதி மாறிற்று. கதவு திறந்தது, சாவி ஒருவர் கையில் சேர்ந்தது. உள்ளே யார், வெளியே யார், எவ்வளவு நேரம் என்பதைத் தனி மனிதர் ஒருவர் நிர்ணயிக்கத் தொடங்கியபோது, அந்தச் சமூகத்தின் பாவமும் அந்த நிர்ணயத்தில் கலந்துகொண்டது. கறுப்பின மாணவரைத் தெற்கத்திய சர்வகலாசாலைகள் பல சேர்த்துக்கொள்ளவே இல்லை. சேர்த்துக்கொண்ட ஏனைய இடங்களிலும், ஒரே சமயத்தில் இத்தனை பேருக்கு மேல் களத்தில் நிற்கலாகாது என்று எழுதாத நியதி ஒன்று வழங்கி வந்தது. சிகாகோ நகரத்து லயோலா சர்வகலாசாலையின் ஜார்ஜ் அயர்லாந்து அதை மீறி நான்கு கறுப்பின மாணவரை முதல் ஐவரில் வைத்தார். 1963-இன் தேசிய இறுதியாட்டத்தில், இரண்டாம் பாதியில் 15 புள்ளி பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு, நீட்டிக்கப்பட்ட ஆட்டத்தில் சின்சினாட்டியை 60-58 என்று வென்றது அவ்வணி. அன்று அவர் ஒரு மாற்றுகூடச் செய்யவில்லை. தொடங்கிய ஐவரே 45 நிமிஷமும் ஆடி முடித்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 1966 மார்ச் 19 அன்று, டெக்ஸஸ் வெஸ்டர்ன் கல்லூரியின் டான் ஹாஸ்கின்ஸ், வெள்ளையர் மட்டுமே கொண்ட கென்டக்கி அணிக்கு எதிராக, தம் அணியின் பன்னிருவரில் கறுப்பின மாணவர் எழுவரை மாத்திரம் ஆடவிட்டு 72-65 என்று வென்ற கதையை அந்நாட்டில் அறியாதார் இல்லை. என் மனம் நிற்பதோ அன்று பெஞ்சை விட்டு எழாத மற்ற ஐவரிடத்தில். அவர்களுள் ஒருவர் ஜெர்ரி ஆர்ம்ஸ்ட்ராங். அதற்கு முந்தைய ஆட்டத்தில், யூட்டா அணியின் ஜெர்ரி சேம்பர்ஸ் என்னும் பெரும் புள்ளிக்காரரைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தபோது அதைச் செவ்வனே செய்தவர். மறுநாள் அவருக்கு ஒரு நிமிஷமும் கிடைக்கவில்லை. திறமையானவர்களை ஆடவிட்டேன், அவ்வளவே என்று ஹாஸ்கின்ஸ் பிற்காலத்தில் சொல்லி வந்தார். நியாயமே வென்ற ஓர் இரவில்கூட ஓரத்தில் ஐந்து பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்பது இத்தொழிலின் இயல்பு.

எத்தனை பேரை நம்புவது என்பதில் பயிற்சியாளர்களின் அபிப்பிராயம் என்றும் ஒன்றுபட்டதில்லை. 1964 முதல் 1975 வரை பத்து முறை தேசியப் பட்டம் பெற்ற லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஜான் வுடன், ஏழெட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து அவர்களையே ஆட்டத்துக்கு ஆட்டம் பிரதானமாக ஆடவிடுவது வழக்கம். ஒருவர் கை அசைவு மற்றவருக்குப் பழகுவதற்கு வேறு வழியில்லை என்பது அவர் கொள்கை. அயோவா மாகாணத்துக் கிரினெல் என்ற சிறு கல்லூரியில் டேவிட் ஆர்ஸனோ இதற்கு நேர்மாறாக, ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒருமுறை ஐவரையும் ஒருசேர மாற்றினார். 2014-இல் கென்டக்கியின் ஜான் காலிபாரி, தம்மிடம் திரண்டிருந்த திறமையை எப்படிப் பங்கிடுவது என்று திகைத்து, பத்துப் பேரை இரண்டு ஐவராகப் பிரித்து மாறிமாறி அனுப்பினார்; டிசம்பரில் ஒருவர் முழங்காலில் அடிபட்டதும் அந்த ஏற்பாடு குலைந்துபோயிற்று. அவ்வணி 38 ஆட்டங்களில் தொடர்ந்து வென்று அரையிறுதியில் விஸ்கான்ஸினிடம் தோற்றது.

இவர்களுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பவர் டீன் ஸ்மித். கான்ஸஸ் மாகாணத்து எம்போரியாவில் 1931-இல் பிறந்து, ஃபாக் ஆலனிடம் பயின்று, 1952-இல் தேசியப் பட்டம் பெற்ற கான்ஸஸ் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர். பெரும்பாலும் உட்கார்ந்து பார்த்தவர் என்பதே பொருள். 1961 முதல் 1997 வரை வட கரோலினா சர்வகலாசாலையில் 879 வெற்றிகளைப் பெற்ற அவர், நிமிஷங்களைப் பங்கிடும் அதிகாரத்தில் ஒரு பகுதியை மாணவனுக்கே திருப்பிக் கொடுத்தார். களைத்தவன் கையை முஷ்டியாக மடக்கி உயர்த்தினால் போதும். உடனே அவனை வெளியே அழைத்து வேறொருவனை அனுப்புவார். இளைப்பாறியதும், நான் தயார் என்று சொல்லி அவனே திரும்பிச் செல்லலாம். களைப்பை மறைத்துக்கொண்டு சோர்ந்து ஆடுவதைக் கண்டு அவர் தாமாக வெளியே எடுத்தாலோ, எப்போது திரும்புவது என்பது அவர் இஷ்டம். களைத்தேன் என்று ஒப்புக்கொள்வதை அவமானமாக எண்ணும் இருபது வயதுப் பிள்ளையிடம், உண்மை சொன்னால் உன் இடம் உனக்கே என்று வாக்களித்த இந்த ஏற்பாட்டைவிட நுட்பமான ஒரு யுக்தி இத்தொழிலின் வரலாற்றில் எனக்குத் தென்படவில்லை. முஷ்டி உயரும் ஒவ்வொரு முறையும் பெஞ்சிலிருந்து ஒருவனுக்கு இலை போடப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

பின்வரிசையார் ஐவரைச் சேர்த்து ‘நீல அணி’ என்று பெயரிட்டு, முதற்பாதியின் நடுவே ஓரிரு நிமிஷம் ஒருசேர அனுப்பும் வழக்கமும் அவரிடம் இருந்தது. முன்வரிசையார் இளைப்பாறினார்கள், பின்வரிசையாருக்கோ அந்த ஓரிரு நிமிஷம் தங்களுக்கே சொந்தமான ராஜ்யமாக இருந்தது. கூடையில் பந்தைப் போட்டவன், அதைத் தனக்குத் தந்தவனை நோக்கி விரலைச் சுட்டி நன்றி தெரிவிக்க வேண்டும். சொந்தக் களத்தில் பருவத்தின் கடைசி ஆட்டத்தை, இறுதியாண்டு மாணவர்கள், உபகாரச் சம்பளமின்றி நாலு வருஷம் பயிற்சிக்கு மட்டும் வந்துபோனவர்கள் உட்பட, தொடங்கி வைக்க வேண்டும். வெற்றி தோல்வி நிர்ணயமாக வேண்டிய ஆட்டத்திலும் அவர் இதை விடவில்லை.

இதனால் பெரிய ஆட்டக்காரர்களின் ஒளி மங்கியது என்று குறை கூறியவர்கள் உண்டு. மைக்கேல் ஜார்டன் மூன்று பருவங்கள் அவரிடம் ஆடிப் பெற்ற சராசரி 17.7 புள்ளிதான், தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றபின் பத்துப் பருவங்களில் புள்ளிப் பட்டியலின் முதலிடம் அவருடையதாயிற்று. இக்குறையை நான் ஏற்கமாட்டேன். 1982-இன் இறுதியாட்டத்தில், ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 63-62 என்று வெற்றி தந்த கடைசிப் பந்தை அவர் முதலாண்டு மாணவரான ஜார்டனிடமே நம்பி விட்டிருந்தார்.

ஸ்மித் 2015 பிப்ரவரியில் காலமானார். அடுத்த மாதம், அவரிடம் ஆடி அணியின் எழுத்துச் சின்னம் பெற்ற சுமார் 180 பேருக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அதனுள் ஒவ்வொருவருக்கும் 200 டாலருக்கு ஒரு காசோலை. வெளியே சென்று, பயிற்சியாளரின் அன்பளிப்பாக ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். ஜார்டனுக்கு வந்ததும் 200 டாலர். நீல அணியில் ஓரிரு நிமிஷம் ஆடியவனுக்கு வந்ததும் 200 டாலர்.