‘நூலகம் கிடைக்கவில்லை’: லைவ் லினக்ஸில் ஒரு பிழைச்செய்தியின் வரலாறு

முன்னுரை

பழைய கணினி ஒன்றில் பென்டிரைவைச் செருகி, வன்தட்டைத் தொடாமலேயே லினக்ஸை ஓட்டலாம். இதைத்தான் லைவ் லினக்ஸ் என்கிறோம். பள்ளிக்குப் புதுக் கணினி வாங்க வழியில்லாத இடத்தில் இது பெரிய உதவி. ஆனால் அதில் தமிழ் விசைப்பலகையையோ வேறொரு மென்பொருளையோ நிறுவப் போனால், சில நேரம் ஒரு செய்தி வந்து நிற்கும். ‘பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்பது அதன் பொருள்.

இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். மாணவரும் தமிழ்க் கட்டுரையை ரோமன் எழுத்தில் தட்டி முடித்துவிடுகிறார். அந்தச் செய்தி எப்படி உருவானது என்று தெரிந்தால், அதைச் சரிசெய்யும் வழியும் புரியும். தமிழ் பயன்படுத்துவோர் ஏன் அதை அதிகம் சந்தித்தார்கள் என்பதும் புரியும்.

நூலகம் என்ற பெயர்

கணினியில் நூலகம் என்ற சொல் சும்மா வந்ததல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி 1949 மே மாதம் இயங்கத் தொடங்கியது. அதை உருவாக்கியவர் மாரிஸ் வில்க்ஸ். வர்க்கமூலம் காண்பது, எண்ணை அச்சிடுவது போன்ற வேலைகளை ஒவ்வொருவரும் புதிதாக எழுதத் தேவையில்லை என்று அவரும் டேவிட் வீலரும் ஸ்டான்லி கில்லும் கண்டார்கள். அந்தச் சிறு நிரல்களைத் துளையிட்ட காகித நாடாவில் பதித்து ஓர் அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். வேண்டியவர் அதை எடுத்துப் படியெடுத்துத் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். மூவரும் இதைப் பற்றி எழுதிய நூல் 1951-இல் வெளிவந்தது.

தமிழில் இதை நிரலகம் என்றும் சொல்வார்கள். நூல் + அகம் நூலகம் ஆவது போல, நிரல் + அகம் நிரலகம். புணர்ச்சி நடத்தும்போது மாணவர்களுக்குக் காட்ட நல்ல எடுத்துக்காட்டு.

படியெடுப்பதிலிருந்து பகிர்வதற்கு

அந்தக் காலத்தில் நூலகத்தின் படி ஒவ்வொரு நிரலுக்குள்ளும் இருந்தது. அதனால் ‘கிடைக்கவில்லை’ என்ற பேச்சே எழவில்லை. ஆனால் பத்து நிரல் இருந்தால் ஒரே பகுதி பத்து முறை இடத்தைப் பிடித்தது. 1960களில் அமெரிக்காவில் உருவான மல்ட்டிக்ஸ் அமைப்பு வேறு வழியைக் காட்டியது. நூலகம் ஒரே இடத்தில் இருக்கும். நிரல் ஓடும்போது அதைத் தேடிப்போய் இணைத்துக்கொள்ளும். 1988-இல் சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4.0 இந்த முறையை யூனிக்ஸ் உலகில் பரவலாக்கியது.

1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இவ்வழியே சென்றது. தொடக்கத்தில் ஒவ்வொரு நூலகத்துக்கும் நினைவகத்தில் நிலையான முகவரி ஒதுக்க வேண்டியிருந்தது. 1995 வாக்கில் லினக்ஸ் எல்ஃப் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறியபோது அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இலக்கணத்தில் முதலெழுத்து தானே இயங்கும். சார்பெழுத்து இன்னொன்றைச் சார்ந்தே வரும். பகிர்வு நூலகத்தை நம்பும் நிரலும் சார்பெழுத்து மாதிரிதான். கணினித் தமிழில் இந்த உறவுக்குச் சார்பு என்றே பெயர். இடம் மிச்சமானது, உண்மை. ஆனால் சார்ந்து நிற்கும் ஒன்று காணாமல் போனால் நிரல் எழுந்து நிற்காது.

பெயர் ஒன்று, எண் வேறு

நூலகம் இருந்தும் சிக்கல் வரலாம். லினக்ஸின் அடிப்படை நூலகம் சி மொழி நூலகம். 1990களில் லிப்சி5 என்பதிலிருந்து லிப்சி6 என்பதற்கு மாற்றம் நடந்தது. லிப்சி6 எனப்பட்ட கிளிப்சி 2.0, 1997-இல் வந்தது. டெபியன் 1998 ஜூலையில் வெளியிட்ட 2.0 பதிப்பில் அதற்கு மாறியது. பழைய எண்ணைக் கேட்கும் நிரலுக்குப் புதியது உதவாது, புதியதைக் கேட்கும் நிரலுக்குப் பழையது உதவாது. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எண் இதற்காகத்தான்.

எந்தப் பொட்டலத்துக்கு எது தேவை என்று மனிதரே நினைவில் வைத்திருக்க முடியாது. அதனால் 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1, ஆப்ட் என்ற கருவியைக் கொடுத்தது. ஒன்றை நிறுவச் சொன்னால், அது சார்ந்த அத்தனையையும் களஞ்சியத்திலிருந்து ஆப்ட் கொண்டுவந்துவிடும்.

குறுவட்டில் யாருக்கு இடம்?

2000-இல் ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் நாப்பிக்ஸ் என்ற லைவ் லினக்ஸை வெளியிட்டார். 700 எம்பி குறுவட்டில் சுருக்கி வைத்து, ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளை அடக்கினார். குறுவட்டில் எழுத முடியாது என்பதால் புதிதாக நிறுவுவது கடினமாக இருந்தது. 2005-இல் வந்த நாப்பிக்ஸ் 3.8 யூனியன்எஃப்எஸ் முறையைச் சேர்த்தது. புத்தகத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்து எழுதுவது போல என்று வச்சுக்கோங்க. எழுதுவது நினைவகத்தில் நிற்கும், கணினியை அணைத்தால் தாள் போய்விடும், புத்தகம் அப்படியே இருக்கும்.

700 எம்பிக்குள் எல்லாவற்றையும் வைக்க முடியாது. ஆகவே எதையாவது விட்டாக வேண்டும். உபுண்டு போன்றவற்றின் லைவ் குறுவட்டில் சில மொழிகளின் பொட்டலங்கள் மட்டும் இருந்தன. மற்றவர்கள் இணையத்திலிருந்து எடுக்க வேண்டும். தமிழ் பெரும்பாலும் அந்த ‘மற்றவர்கள்’ பட்டியலில்தான் இருந்தது.

தமிழுக்குத் தேவைப்படும் நூலகங்களும் கொஞ்சம் கூடுதல். ‘கொ’ என்பதை யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகர உயிர்க்குறி என்று சேமிக்கிறோம். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து க-வின் இருபுறமும் நிற்க வேண்டும். பாங்கோ, ஹார்ஃப்பஸ் போன்ற நூலகங்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. தட்டச்சுக்கு எம்17என் நூலகமும் அதன் தரவும் பொதுவாகப் பயன்படுகின்றன. தமிழ்99 விசைப்பலகை அந்தத் தரவில் இருக்கிறது. ஆங்கிலம் இவையெல்லாம் இல்லாமலே ஓரளவு ஓடிவிடும், தமிழால் முடியாது. அதனால் ஒரே பிழைச்செய்தி ஆங்கிலக்காரரைவிட நம்மை அதிகம் தடுத்தது.

நம்மவர்கள் வட்டைத் தயாரித்தபோது கதை மாறியது. சென்னையில் சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ் உட்பட இந்திய மொழிகளை உள்ளேயே வைத்து வந்தது. எதை வட்டில் வைப்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமல்ல, யாரை நினைத்து வட்டு தயாராகிறது என்ற கேள்வியும்தான்.

செய்தியை வாசித்துச் சரிசெய்வது

இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு தீர்வுக்கும் காரணம் தெரியும்.

1. பெயரையும் எண்ணையும் வாசிக்கவும். செய்தியில் நூலகத்தின் பெயர் இருக்கும். எல்டிடி கட்டளை கொடுத்தால், அந்த நிரலுக்குத் தேவையான நூலகங்களில் எவை கிடைக்கவில்லை என்று பட்டியலாகக் காட்டும்.

2. தேதியைப் பார்க்கவும். பழைய கணினியில் தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருக்கும். அப்போது களஞ்சியப் பட்டியல் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று ஆப்ட் மறுக்கும். தேதியைத் திருத்தியபின் ஆப்ட் அப்டேட் கொடுக்கவும். லைவ் வட்டில் உள்ள பட்டியல், வட்டு தயாரான நாளோடு நின்றுபோனது என்பதை மறக்க வேண்டாம்.

3. தனிக்கோப்பை டிபிகேஜி வழியாகத் திணிக்க வேண்டாம். அது சார்புகளைத் தேடிப் போகாது. ஆப்ட் வழியாக நிறுவினால் சார்புகளும் வரும். ஏற்கெனவே பாதியில் நின்றிருந்தால், உடைந்ததைச் சரிசெய்யும் தேர்வோடு ஆப்ட் இன்ஸ்டாலை ஓட்டவும்.

4. எண் மாறினால் ஏமாற்ற வேண்டாம். உபுண்டு 20.04-இல் கிளிப்சி 2.31 இருக்கிறது. 2.34 கேட்கும் நிரல் அதில் ஓடாது. வேறு கணினியிலிருந்து சி நூலகத்தை எடுத்து மேலே ஒட்டினால், சாதாரணக் கட்டளைகள்கூட நின்றுவிடலாம். புதிய லைவ் வட்டை எடுப்பது, அல்லது நிரலின் பழைய பதிப்பைத் தேடுவதுதான் வழி.

5. 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட் நிரலுக்கு 32 பிட் நூலகமே வேண்டும். கோப்பு கண்முன்னே இருந்தும் ‘இல்லை’ என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கவும்.

6. நூலகம் இருந்தும் கண்ணில் படவில்லையா? கையால் நிறுவிய நூலகமானால் எல்டிகான்ஃபிக் ஓட்டி இருப்பிடப் பட்டியலைப் புதுப்பிக்கவும்.

7. அணைத்தால் போய்விடும். நிறுவியது நிலைக்க வேண்டுமானால், பென்டிரைவைத் தயாரிக்கும்போதே நிலைச்சேமிப்புப் பகுதியை ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் அதே பிழைச்செய்திதான்.

முடிவுரை

லெம்பா பெர்த்தாம் மாதிரி மலைப்பக்கத்தில் மழை பிடித்தால் இணையத்தை நம்ப முடியாது. வகுப்பு நடக்கும்போது நூலகத்தைத் தேடிப் பதிவிறக்கலாம் என்று நினைப்பது சரிவராது. இணையம் நன்றாக உள்ள இடத்தில் நிலைச்சேமிப்புள்ள பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து, தமிழ்99, தமிழ் எழுத்துரு, அவற்றின் சார்புகள் எல்லாம் நிறுவி, ஒருமுறை அணைத்து மறுபடி இயக்கிப் பார்த்துவிட்டு வகுப்புக்குக் கொண்டு போங்கள். அப்புறம் மற்றப் பென்டிரைவுகளுக்கு அதையே படியெடுக்கலாம். எட்சாக் அலமாரியிலும் அதே வேலைதான் நடந்தது: ஒருவர் செய்து வைத்ததை மற்றவர் எடுத்துப் பயன்படுத்தினார். தமிழுக்கான அலமாரியை நாம்தான் நிரப்ப வேண்டும்.

மீள்பார்வை வினாக்கள்

1. கணினியில் நூலகம் என்ற பெயர் எந்த நடைமுறையிலிருந்து வந்தது?
2. பகிர்வு நூலகத்தின் நன்மை ஒன்றும் குறை ஒன்றும் கூறுக.
3. லைவ் லினக்ஸில் நிறுவிய மென்பொருள் ஏன் மறுநாள் காணாமல் போகிறது?
4. ‘கொ’ என்ற எழுத்தைச் சான்றாகக் கொண்டு, தமிழுக்கு எழுத்து வடிவ நூலகம் ஏன் தேவை என்று விளக்குக.