கணக்குக் கேட்கும் உரிமை

புனே நகரின் ஔந்த் பகுதியில் வாழும் நம்மவர், அங்குள்ள மாவட்ட அரசு மருத்துவமனையிலேனும் மாநகராட்சி அலுவலகத்திலேனும் ஒரு விவரம் கேட்க விரும்பினால், 'ஜன் மாஹிதி அதிகாரி' எனப்படும் பொதுத் தகவல் அலுவலரிடம் மனுச் செய்யலாம். தகவல் பெறும் உரிமைக்கு மராத்தியர் 'மாஹிதீச்சா அதிகார்' என்று பெயரிட்டுள்ளனர். நம் மொழியில் அதிகாரம் என்றவுடன் ஆள்வோர்தாம் நினைவுக்கு வருகின்றனர். இங்கோ அச்சொல் குடிமகனின் உரிமையையும் குறிக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வேறுபாடு சுவையாக இருக்கிறது.

இவ்வுரிமையை இந்தியாவில் முதன்முதல் சட்டமாக்கிய மாநிலம் தமிழ்நாடே. அது 1997ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதனையொட்டி, ரேஷன் கடைகள் தம்மிடமுள்ள சரக்கின் இருப்பைப் பலகையில் எழுதி வைக்குமாறு பணிக்கப்பட்டன. அரிசி வந்ததா, தீர்ந்ததா என்பதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்லையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியன்று. ஆயினும் அச்சட்டத்தில் விலக்குகள் மலிந்திருந்தன. தகவல் தர மறுக்கும் அலுவலருக்குத் தண்டனையும் விதிக்கப்படவில்லை. முதலில் செய்த பெருமை நமக்கு உண்டு; முழுமையாகச் செய்த பெருமை இல்லை என்றே கூறவேண்டும்.

ராஜஸ்தானத்தில் 1994ஆம் ஆண்டின் இறுதியில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பினர், ஊராரைக் கூட்டி, அரசாங்க வேலைகளின் கூலிப் பதிவேடுகளை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தனர். பதிவேட்டில் கூலி பெற்றதாகக் காணப்பட்டவர் எதிரிலேயே அமர்ந்திருக்கையில் பொய்க் கணக்கு எங்ஙனம் நிலைக்கும்? மகாராஷ்டிரத்தில் அண்ணா ஹசாரே முதலியோரின் போராட்டத்தால் மாநிலச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது.

2005 அக்டோபர் 12 அன்று மத்தியச் சட்டம் முழுமையாக அமலாயிற்று. அன்றே முதல் மனு இப்புனே நகரின் காவல் நிலையம் ஒன்றில் கொடுக்கப்பட்டது. முப்பது நாளில் விடை வரவேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால், நாளொன்றுக்கு 250 ரூபாயாக, 25,000 ரூபாய் வரை அலுவலரே தண்டம் செலுத்தவேண்டும். தமிழ்நாட்டுச் சட்டத்தில் இல்லாதிருந்தது இதுவே.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் ஒன்றை அறிந்திருத்தல் நலம். மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ அவ்விடத்து ஆட்சிமொழியிலோ இருக்கவேண்டும். ஔந்தில் தமிழ் மனு செல்லாது. ஆனால், எழுதவியலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் வடிக்க அலுவலர் உதவவேண்டும் என்று ஆறாம் பிரிவு கட்டளையிடுகிறது. மராத்தி பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத நம் தொழிலாளர்களுள் எத்தனை பேர் இதனை அறிவர்?