மண்கலத்துத் தயிரும் மலைநாட்டு நடையும்

பல்கேரியா தேசத்தின் மேற்கெல்லையில், திரன் என்னும் மலைப்பிரதேசத்தில், பாலைக் காய்ச்சி, சுண்டுவிரல் பொறுக்கும் பதத்துக்கு ஆறவிட்டு, முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறைகுத்தி, கம்பளியால் போர்த்தி வைப்பது தலைமுறை தலைமுறையாக வந்த சம்பிரதாயம். அப்பிரதேசத்தில் பிறந்த ஸ்டாமென் கிரிகோரோவ், ஜெனீவாவுக்கு வைத்தியம் கற்கச் சென்றபோது வீட்டுத் தயிரை ஒரு மண்கலத்தில் உடன் கொண்டுபோனார் என்பர். 1905-ஆம் ஆண்டில் அத்தயிரை உறையச் செய்யும் கோல் வடிவக் கிருமியை அவரே கண்டறிந்தார்.

பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மெச்னிகோவ், பெருங்குடலில் பிறக்கும் விஷங்களே முதுமைக்குக் காரணமென்றும், புளித்த பாலின் கிருமிகள் அவற்றை அடக்குமென்றும் எண்ணி, பல்கேரியக் குடியானவர்களின் தீர்க்காயுளை அதற்குச் சாட்சியாகக் காட்டினார். 1908-இல் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற அம்மேதை தாமும் புளித்த பாலை நித்தியம் அருந்தி, 1916-இல் தமது 71-ஆம் வயதில் காலமானார்.

ஆனால் தயிர்க் கலத்தை நோக்கிய கண்கள், அதை உண்டவர் பகலெல்லாம் ஆட்டு மந்தையின் பின்னே மேடும் பள்ளமும் ஏறியிறங்கிய தேகப் பிரயாசையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. தேக உழைப்பும் குடல் கிருமிகளை மாற்றுமோ என்றறிய அயர்லாந்தின் ரக்பி வீரர் 40 பேரைச் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் குடலில் கிருமி வகைகள் மற்றவர்களைவிட மிகுந்திருந்தன. எனினும் அவர்கள் புரதமும் அதிகம் உண்டவர்களாதலால், உணவின் பயன் எது, உழைப்பின் பயன் எது என்று பிரித்தறிவது அங்கும் எளிதாயிருக்கவில்லை.