எல்லையில் தொடங்க வேண்டிய வகைகள்: திருகோணமலை இணையக் குழுக்களும் டைப்ஸ்கிரிப்டும்

வகை அறிவிக்கும் செய்நிரல் மொழி, ஒவ்வொரு தரவும் எத்தகையது என்பதைச் செய்நிரல் ஓடுவதற்கு முன்பே எழுதிவைக்கச் சொல்கிறது. எண் வரவேண்டிய இடத்தில் சரம் வந்தால், அந்தப் பிழை பயனரின் கண்ணில் படுமுன் தொகுப்பான் அதைக் காட்டிவிடும். 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே 5 என்ற சரத்துடன் 3 என்ற எண்ணைக் கூட்டினால் 53 வரும். எச்சரிக்கை எதுவும் வராது. இக்குறையை நீக்கவே 2012 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. டேர்போ பஸ்கல், சி ஷார்ப் ஆகியவற்றின் பின்னாலிருந்த அண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்கே இதற்கும் தலைமை வடிவமைப்பாளர்.

இணையச் செயலி எழுதும் சிறு குழு ஒன்று இம்மொழிக்கு மாறும்போது பெரும்பாலும் இலகுவான கோப்புகளிலிருந்து தொடங்குகிறது. கோப்பின் பெயர் மாறும். தொகுப்பான் முறையிடும் இடங்களில் எல்லாம் ‘எனி’ என்ற வகை இடப்படும். எதையும் ஏற்றுக்கொள்ளும் அந்த வகை, சோதனையை அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது. மாற்றம் நடந்ததாகத் தோன்றும், பாதுகாப்பு மட்டும் வந்திருக்காது. செயலிக்குள் வெளித்தரவு நுழையும் எல்லையிலிருந்தே வகைகளை எழுதத் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். படிவம், தரவுத்தளம், பிறருடைய சேவை ஆகிய மூன்றுமே அந்த எல்லை.

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ உள்ள ஒரு விருந்தினர் விடுதியின் முன்பதிவுப் படிவத்தை எடுத்துக்கொள்ளலாம். திருகோணமலையின் தொலைபேசி இடக்குறியீடு 026. அதை எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள சுழியம் போய்விடும்; விருந்தினரைத் திரும்ப அழைக்க முடியாது. தேசிய அடையாள அட்டை இலக்கம் இன்னும் சிக்கலானது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் உண்டு. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள், எழுத்து இல்லை. பழையதைப் புதிய வடிவுக்குக் கொண்டுவர, முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாம் இடத்துக்குப் பின் ஒரு சுழியம் நுழைத்து, கடைசி எழுத்தை நீக்க வேண்டும். ஒரே ஆள் சென்ற ஆண்டு பழைய இலக்கத்தையும் இவ்வாண்டு புதியதையும் கொடுத்தால், வெறும் சரமாக வைத்திருக்கும் செயலி அவரை இருவராகப் பதிந்துகொள்ளும். பழைய இலக்கம், புதிய இலக்கம் என இரு வடிவங்களை ஏற்கும் ஒரு வகையை அறிவித்தால், இரண்டையும் கையாளாத செய்நிரலைத் தொகுப்பான் ஏற்காதபடி செய்யலாம். ஒரு தரவுக்கு எத்தனை வடிவம் உண்டு என்பதை முன்கூட்டியே யோசிக்கவைப்பதுதான் இம்மொழியின் பெரிய நன்மை.

எண், சரம் என்ற பொது வகைகளோடு நின்றுவிட்டால் இந்த நன்மை கிடைக்காது. திருகோணமலைத் துறைமுகம் ஏறத்தாழ வடக்கு 8.57, கிழக்கு 81.23 பாகையில் உள்ளது. கூகுள் வரைபடச் சேவை அகலாங்கை முதலில் கேட்கும். ஜியோஜேசன் வடிவம் நெட்டாங்கை முதலில் வைக்கும். வரிசை மாறினால் சீனக்குடாவில் நிற்க வேண்டிய கப்பல் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால் ஆர்க்டிக் கடலில் நிற்கும். இரண்டுமே எண்கள் என்பதால் தொகுப்பான் வாய் திறக்காது. அகலாங்கு, நெட்டாங்கு என்று தனித்தனி வகைகளை அறிவித்தால்தான் அது பேசும். கடலின் ஆழத்தை மீற்றரிலும் அடியிலும் குறிக்கும் எண்களுக்கும் இதே நிலைதான்.

இன்னொரு வரம்பும் உண்டு. டைப்ஸ்கிரிப்டின் வகைகள் தொகுப்போடு அழிந்துவிடுகின்றன. ஓடுவது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். வெளிச்சேவையிலிருந்து வரும் தரவு அறிவித்தபடிதான் இருக்கிறதா என்று ஓட்டத்தின்போது யாரும் பார்ப்பதில்லை. இங்கே இலங்கையிலேயே உருவான ஒரு மொழி நல்ல பாடம் தருகிறது. சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005 இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்திலிருந்து வந்த பாலரினா, வலைச்சேவைகளை எழுதுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட திறமூல மொழி. அதன் முதல் முழுப் பதிப்பு 2019 செப்டெம்பரிலும், ஸ்வான் லேக் பதிப்பு 2022 பெப்ரவரியிலும் வெளியாயின. அதில் வகைகள் ஓட்டத்தின்போதும் உயிருடன் இருக்கின்றன. அறிவித்த வகைக்குப் பொருந்தாத தரவை யாராவது அனுப்பினால், செய்நிரலர் தனியாக ஒரு வரி எழுதாமலே சேவை 400 என்ற பிழைக்குறியைத் திருப்பி அனுப்பும். ஆயினும் உலாவிக்குள் ஓடும் பக்கத்தை எழுத அது ஏற்றதன்று. ஆயத்த நூலகங்களும் அனுபவமுள்ளவர்களும் டைப்ஸ்கிரிப்ட் பக்கமே அதிகம். சிறு குழு டைப்ஸ்கிரிப்டையே எடுத்துக்கொண்டு, எல்லையில் ஓட்டநேரச் சோதனையைத் தானே எழுதிச் சேர்ப்பதுதான் நடைமுறைக்கு உகந்தது.

இதற்குச் செலவு உண்டு. முதல் மாதங்களில் வேலை மெதுவாகும், பொறுமை வேண்டும். கிடைக்கும் பயனையும் மிகைப்படுத்தக் கூடாது. காவ், பேர்ட், பார் ஆகியோர் 2017 இல் வெளியிட்ட ஆய்வு, பொதுவெளியில் பதிவாகித் திருத்தப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளில் ஏறத்தாழ 15 வீதத்தை டைப்ஸ்கிரிப்ட் பிடித்திருக்கும் என்று கண்டது. மீதியில் கணிசமானவை, தேவையைத் தவறாக விளங்கிக்கொண்டதால் வந்தவை. அவற்றை எந்த வகையும் தடுக்காது. ஆனால் அந்த 15 வீதமும் எழுதியவர் கண்ணுக்குத் தப்பி வெளியே போன பிழைகள் என்பதால், அது சிறிய பங்கன்று.

இலங்கையில் இன்னொரு காரணமும் சேர்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் செய்நிரலர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். சிறு குழுவில் ஒருவர் போனால், எந்தப் புலம் வெறுமையாக வரலாம், எது ஒருபோதும் வராது என்ற விவரமும் அவரோடு போய்விடும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்துப் புதிதாக வரும் ஒருவருக்கு, ஒழுங்காக எழுதிய வகைக்கோப்பு அந்த விவரத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். டைப்ஸ்கிரிப்ட் 2.0 பதிப்பில், 2016 இல், வந்த வெறுமைச் சோதனையை முதல் நாளிலேயே இயக்கி வைத்து, படிவங்களையும் தரவுத்தளத்தையும் முதலில் வகைப்படுத்தும் குழுவே இம்மாற்றத்தால் பயன்பெறும். ‘எனி’ நிறைந்த கோப்புகளோடு நிற்கும் குழு ஜாவாஸ்கிரிப்டிலேயே இருந்துவிடுவது மேல்.