கணிப்பொறி பேசக் கற்ற கதை

கணிப்பொறியை இயக்குகிறீர்கள். திரையில் படம் ஓடுகிறது. ஒலி மட்டும் வரவில்லை. பாட்டுக் கேட்க உட்கார்ந்தவருக்கு இது சிறு ஏமாற்றம்தான். ஆனால் பார்வையற்ற மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. போன்ற நிரல்கள் திரையிலுள்ள எழுத்துகளைத் தமிழிலும் படித்துச் சொல்கின்றன. அவருக்கு ஒலி நின்றால் திரையே அணைந்தது போலாகும். கோளாறு எங்கே என்று தேடும் வழி, கணிப்பொறி ஒலிக்கக் கற்ற வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

'பீப்' ஒலிக் காலம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி.யில் சிறிய ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதற்குச் செல்லும் மின்சாரத்துக்கு இரண்டே நிலைகள்: உண்டு அல்லது இல்லை. ஆகவே 'பீப்' என்னும் ஒலிதான் எளிதாக வந்தது. 1987-இல் கனடாவின் கியூபெக்கில், இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரேவெல் 'ஆட்லிப்' என்ற அட்டையை வெளிக்கொணர்ந்தார். அதிலிருந்த யமஹா சில்லு இசை ஒலிகளை உண்டாக்கியது. மனிதக் குரலுக்கு அது ஏற்றதன்று.

சிங்கப்பூர் தந்த அட்டை

அந்தக் குறையைத் தீர்த்த அட்டை, தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில் பிறந்தது. அங்கு சிம் வோங் ஹூ என்பவர் 1981-இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989-இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையை வெளியிட்டது. ஒலி அலையின் மின்னழுத்தத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 256 படிகளுள் ஒன்றாகக் குறிப்பதே அதன் முறை. அந்த எண்களை மீண்டும் மின்னழுத்தமாக்கினால் குரல் கேட்கும். 1992-இல் வந்த 'சவுண்ட் பிளாஸ்டர் 16' அட்டையில் படிகள் 65,536 ஆயின. நொடிக்கு 44,100 முறை அளக்கவும் முடிந்தது. நம் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அலையைச் சரியாக மீட்க முடியும்.

அக்காலத்துக் கோளாறுகளும் வேறு. அட்டை, செயலியைக் கூப்பிட எண்ணிட்ட தடம் ஒன்றைப் பயன்படுத்தும். 7-ஆம் எண்ணை அட்டையும் அச்சுப்பொறியும் ஒருங்கே கேட்டால் தகராறுதான்! ஒலித் துண்டு ஒன்று தொடங்கி, அங்கேயே சிக்கிக்கொள்ளும். அட்டையிலுள்ள சிறு இணைப்பூசியை மாற்றிச் சரிசெய்வார்கள்.

அட்டை சில்லானது

1997-இல் இன்டெல் நிறுவனத்தின் 'ஏ.சி. 97' முறை வந்தது. இதில் எண்களைக் கையாளும் வேலை தாய்ப்பலகையின் முதன்மைச் சில்லுக்குச் சென்றது. எண்ணை மின்னழுத்தமாக்கும் வேலை 'கோடெக்' என்னும் சிறு சில்லுக்கு வந்தது. ஒலிக்குத் தனி அட்டை தேவையில்லாமற் போயிற்று, விலையும் குறைந்தது. ஆனால் பணியின் பெரும்பகுதி மென்பொருளின் கைக்குப் போனது. 'டிரைவர்' என்னும் நிரல் பழுதானால் நல்ல சில்லும் ஊமையாகிவிடும்.

2004-இல் வந்த 'எச்.டி. ஆடியோ' முறையில், எந்தத் துளையில் செருகி நுழைந்துள்ளது என்பதைக் கணிப்பொறியே அறியும். எப்படி? ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறு சுவிட்சு. அதனுடன் ஒரு மின்தடை. நான்கு துளைகளுக்கு 39.2, 20, 10, 5.1 கிலோ ஓம். இவை பக்க இணைப்பில் ஒரே கம்பியில் சேர்கின்றன. ஓமின் விதியைப் படித்த நீங்கள் கணக்கிட்டுப் பாருங்கள். இவற்றின் மின்கடத்து திறன்கள் ஏறத்தாழ 1, 2, 4, 8 என்ற விகிதத்தில் அமையும். முதல் துளையும் மூன்றாம் துளையும் சேர்ந்தால் 5. வேறு எந்தச் சேர்க்கையும் 5 தராது. எனவே ஒரே கம்பி நான்கு துளைகளின் செய்தியையும் சொல்லிவிடுகிறது!

கிருமாம்பாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். சுவிட்சு திறக்காமல் ஒட்டிக்கொண்டால், செவிப்பொறி செருகப்பட்டிருப்பதாகக் கணிப்பொறி தவறாக எண்ணி ஒலிபெருக்கியை அடக்கிவிடலாம்.

எங்கே தேடுவது?

முதலில் பச்சைத் துளையில் செருகியைச் சில முறை நுழைத்து எடுங்கள். வேறொரு செவிப்பொறியாலும் சோதியுங்கள். முன்பக்கத் துளை மௌனமாயிருந்து பின்பக்கத் துளை ஒலித்தால், பழுது முன்பக்கத் துளையிலோ அதன் கம்பியிலோ இருக்கும். அடுத்து ஒலி அமைப்பைப் பாருங்கள்: எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே, ஒலிபெருக்கி இல்லாத திரைக்கு ஒலி போய்க்கொண்டிருக்கலாம். பின்னர் டிரைவரை மீண்டும் நிறுவுங்கள். தொடக்க அமைப்பான பயாஸில் ஒலிப்பகுதி முடக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள்.

இவற்றாலும் பயனில்லையெனில் யூ.எஸ்.பி. ஒலிக்கருவி ஒன்றைச் செருகுங்கள். அதற்குள் தனிக் கோடெக் உண்டு. அதில் ஒலி வந்தால், சந்தேகம் தாய்ப்பலகையின் ஒலிப்பகுதிமேல் விழும். பார்வையற்ற மாணவர் பயிலும் கணிப்பொறிக் கூடத்தில் இக்கருவி ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஒலி நின்றுவிட்ட கணிப்பொறியில் அவரால் அமைப்புகளைத் தேடிப் பழுதை நீக்க முடியாது. முதலில் அவருக்குக் குரல் திரும்ப வேண்டும்.